ரியோகோ தானி: பேர் வாங்கிக் கொடுத்தது பதக்கமா, ‘யவாரா-சான்’ என்ற செல்லப் பெயரா? (வரைவைத் திருத்தித் தாருங்கள்)

#1 பிறைவாசி

வணக்கம். மலேசியாவில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு ஜூடோ வகுப்புச் சுவரில் மாட்ட, ஒரு வீராங்கனையைப் பற்றித் தமிழில் அரைப் பக்கம் எழுத வேண்டும். படிக்கப் போவது ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள். ஜப்பானின் ரியோகோ தானியை எடுத்திருக்கிறேன். இதுதான் வரைவு:

“1975-இல் ஃபுக்குவோக்காவில் பிறந்தவர். உயரம் 146 சென்டிமீட்டர். 48 கிலோ பிரிவு. ஐந்து ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம். 1992 முதல் 2008 வரை யாரிடமும் தோற்றதில்லை. குழந்தை பெற்ற பிறகும் உலகத் தங்கம் வென்ற ஒரே ஜூடோ வீராங்கனை.”

தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். ஜூடோவில் தங்கம் வாங்கியவர்கள் ஜப்பானில் நிறைய. அவர்களில் இவர் பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு தெரிந்தது எப்படி?

#2 நீலப்பட்டை

தம்பி, முதல் மூன்று வாக்கியத்தை அப்படியே விட்டுவிடலாம். மிச்சம் மூன்றையும் மாற்ற வேண்டும்.

ஐந்து ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கம், அது சரி. ஆனால் தங்கம் இரண்டுதான். 1992 பார்சிலோனா வெள்ளி, 1996 அட்லாண்டா வெள்ளி, 2000 சிட்னி தங்கம், 2004 ஏதென்ஸ் தங்கம், 2008 பெய்ஜிங் வெண்கலம். பெண்கள் ஜூடோ பதக்க விளையாட்டானதே பார்சிலோனாவில்தான். 1988 சியோலில் அது வெறும் காட்சிப் போட்டி. ஒலிம்பிக் ஜூடோவில் இரண்டு தங்கம் வாங்கிய முதல் பெண் இவர். ஜூடோ தனிநபர் பிரிவில் ஐந்து ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு இறங்கியவர்கள் இவரும் பிரான்சின் டெடி ரினேரும்தான். ரினேருக்கு அந்த ஐந்தாவது பதக்கம் 2024 பாரிசில் கிடைத்தது.

“யாரிடமும் தோற்றதில்லை” என்ற வரியை எடுத்துவிடுங்கள். பார்சிலோனா இறுதியில் பிரான்சின் செசீல் நோவாக்கிடம் தோற்றார். அப்போது தானிக்கு 16 வயது. அதன் பிறகு தொடர்ந்து 84 ஆட்டங்கள் ஜெயித்தார். 85-ஆவது ஆட்டம் அட்லாண்டா இறுதி. அதில் வடகொரியாவின் கே சுன்-ஹீயிடம் தோற்றார். அந்தப் பெண்ணுக்கும் அன்று 16 வயதுதான், வைல்ட் கார்டில், அதாவது சிறப்பு அழைப்பில் வந்தவர், எதிராளிகள் யாரும் அவர் ஆட்டத்தைப் பார்த்துப் படித்ததில்லை. நான்கு வருடம் முன்பு தான் எந்த வயதில் இறுதியில் நின்றாரோ அதே வயதுப் பெண்ணிடம் தானி தங்கத்தை விட்டார். பிள்ளைகளுக்கு இந்த இடத்தை விரிவாகவே எழுதுங்கள். கே சுன்-ஹீ ஏதோ அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவரும் இல்லை, பிறகு மேல் எடைகளில் நான்கு உலகப் பட்டம் வாங்கினார்.

உலகப் போட்டிக் கணக்கு: 1991-இல் வெண்கலம். பிறகு 1993, 1995, 1997, 1999, 2001, 2003 என்று ஆறு தங்கம் வரிசையாக. 2005-இல் கர்ப்பமாக இருந்ததால் ஆடவில்லை. 2007-இல் ரியோ டி ஜெனிரோவில் ஏழாவது தங்கம். மகன் பிறந்தது 2005 டிசம்பர் 31. உலகப் போட்டி அப்போது இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் என்பதையும் ஒரு வரி போடுங்கள். இன்று ஏறக்குறைய எல்லா வருடமும் நடப்பதால், பிள்ளைகள் ஏழு என்பதைச் சாதாரணமாக நினைத்துவிடுவார்கள்.

“ஒரே வீராங்கனை” என்பதும் நிற்காது. பிரான்சின் கிளாரிஸ் அக்பெக்னேனு 2022-இல் பிள்ளை பெற்று, 2023-இல் தோஹாவில் உலகத் தங்கம் வாங்கினார்.

#3 செந்தூல் அக்கா

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

ஜப்பானில் 1986 முதல் 1993 வரை ஒரு ஜூடோ சித்திரக்கதை தொடராக வந்தது. நாயகி பள்ளிக்கூடத்துப் பெண், ஆள் சின்னவள், தாத்தாதான் ஆசான். பெயர் யவாரா. கதையில் அவள் குறி பார்சிலோனா. 1989-இல் அது தொலைக்காட்சியில் கார்ட்டூனாகவும் வந்துவிட்டது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1990 கடைசியில், ஃபுக்குவோக்காவில் நடந்த சர்வதேசப் பெண்கள் போட்டியில் 15 வயது ரியோகோ தமுரா (கல்யாணத்துக்கு முன் தானியின் பெயர் அதுதான்) பிரிட்டனின் கேரன் பிரிக்ஸைத் தோற்கடித்தார். பிரிக்ஸ் நான்கு முறை உலகப் பட்டம் வாங்கியவர். வென்றது முன்முடியைத் தூக்கிக் கட்டிய குட்டிப் பெண். பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? ‘யவாரா-சான்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘சான்’ என்பது நாம் பெயரோடு ‘குட்டி’, ‘கண்ணு’ சேர்ப்பது மாதிரி.

இதன் பலன் என்ன தெரியுமா? 48 கிலோ பிரிவு என்றால் என்ன, இப்போன் (ஆட்டத்தையே முடிக்கும் முழுப் புள்ளி) என்றால் என்ன என்று பார்வையாளர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய வேலையே இல்லை. கதை ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தது. புரியாத விளையாட்டில் ஒருவர் ஜெயித்தால் ஒரு நாள் கைதட்டுவோம். புரிந்த விளையாட்டில் ஜெயித்தால்தான் பெயர் நிற்கும்.

அடுத்தது அவர் பேச்சு. சிட்னிக்குப் போகும் முன் சொன்னது: “அதிகபட்சம் தங்கம், குறைந்தபட்சமும் தங்கம்.” 2003 டிசம்பரில் பேஸ்பால் வீரர் யோஷிதோமோ தானியைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருடம் ஏதென்சுக்கு முன்: “தமுராவாகத் தங்கம், தானியாகவும் தங்கம்.” பெய்ஜிங்குக்கு: “தாயானாலும் தங்கம்.” மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் ஜப்பானிய மொழியில் ‘தேமோ’. நம் ‘-உம்’ செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது, அதனால் தமிழில் எழுதினாலும் ஓசை கெடவில்லை பாருங்கள். பிள்ளைகள் வாயில் தானாக ஏறும், மூன்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கல்யாணத்தையும் கிசுகிசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜப்பானில் பேஸ்பால் பார்க்கும் கூட்டம் மிகப் பெரியது. ஏதென்சில் கணவர் பேஸ்பால் அணியில் வெண்கலம், மனைவி ஜூடோவில் தங்கம். இரண்டு கூட்டமும் ஒரே வீட்டைப் பார்த்தது.

#4 பிறைவாசி

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. தப்பான வரிகளை எடுத்துவிட்டேன். 2008 பற்றி ஒரு சந்தேகம். உள்நாட்டில் தோற்றும் அவரை ஒலிம்பிக்குக்கு அனுப்பினார்கள் என்று படித்தேன். உண்மையா? அதைப் பலகையில் போடலாமா?

#5 மேசை அதிகாரி

உண்மை. 2007 ஏப்ரலில் அனைத்து ஜப்பான் எடைப்பிரிவுப் போட்டியில் தொமோகோ ஃபுகுமியிடம் தோற்றார், உலகப் போட்டிக்கு இவரையே அனுப்பினார்கள். 2008-இல் அதே போட்டியின் இறுதியில் எமி யமகிஷியிடம் தோற்றார், ஒலிம்பிக்குக்கும் இவரையே அனுப்பினார்கள்.

விதி இதில் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். ஒரு எடைக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் ஒலிம்பிக் போகலாம், இன்றும் அப்படித்தான். இன்றைக்கு உலகத் தரவரிசை இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஒவ்வொரு எடையிலும் முதல் 17 இடம் நேரடித் தகுதி. தானி காலத்தில் அந்தத் தரவரிசையே கிடையாது, 2009-இல்தான் வந்தது. இடத்தை நாடு பிடிக்கும், ஆளைச் சங்கம் தேர்ந்தெடுக்கும். உள்நாட்டுப் போட்டி அந்தத் தேர்வுக்கு ஒரு சான்று, அவ்வளவுதான். ஜெயித்தவர் போவார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களிடம் யார் ஜெயிப்பார் என்று பார்த்தார்கள். அந்தக் கணக்கில் தானியைத் தேர்ந்ததில் நியாயம் இருந்தது. 2007-இல் தேர்வை எல்லாரும் திட்டினார்கள், அவர் ரியோவில் தங்கத்தோடு வந்தார்.

பெய்ஜிங்கில் அரையிறுதியில் ருமேனியாவின் அலீனா துமித்ருவிடம் தோற்றார். யாரும் யாரையும் வீசவில்லை. முனைப்புக் காட்டாததற்குக் கொடுக்கும் ஷிடோ என்ற தண்டனையில் ஆட்டம் போனது. அப்போதைய விதியில் ஷிடோ ஏற ஏற எதிராளிக்குப் புள்ளியாக மாறும், கடைசி நிமிடத்தில் ஒன்று விழுந்தால் திருப்பி எடுக்க நேரம் இருக்காது. இன்று ஷிடோ புள்ளியாக மாறாது. மூன்றாவது ஷிடோவில் ஆளே வெளியே. பழைய ஆட்டம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாவிட்டால் பலகையில் உள்ள எண்கள் புரியாது. கோக்கா என்ற சின்னப் புள்ளியும் பெய்ஜிங்கோடு முடிந்தது. யூகோ என்ற இன்னொரு புள்ளி 2017-இல் போய் 2025-இல் திரும்பி வந்திருக்கிறது.

#6 நீலப்பட்டை

மேசை அதிகாரி சொன்ன விதி சரி. நியாயம் என்றதை ஏற்க முடியவில்லை.

ஃபுகுமியின் பக்கமிருந்து பாருங்கள். 2002-இல், 16 வயதில், தானியை ஒரு முறை தோற்கடித்தார். 2007-இல் இறுதியில் மறுபடி தோற்கடித்தார். இரண்டு முறை நேருக்கு நேர் ஜெயித்தவருக்கு உலகப் போட்டி வாய்ப்பு 2009-இல்தான் கிடைத்தது, போனவுடன் தங்கம். ஒலிம்பிக் வாய்ப்பு 2012-இல், அவருடைய 27-ஆவது வயதில். அங்கே அரையிறுதியில் அவரை நிறுத்தியது யார்? அதே அலீனா துமித்ரு. ஐந்தாம் இடத்தோடு திரும்பினார். 22, 23 வயதில், கால் வேகம் உச்சத்தில் இருந்தபோது அவரை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் மனம் கேட்கிறது.

தானியின் புகழ் தேர்வுக்குழு மேசையிலும் உட்கார்ந்திருந்தது என்பதுதான் என் எண்ணம். ரியோ தங்கம் அந்தத் தேர்வை நியாயப்படுத்திவிடாது. ஃபுகுமியும் அதே தங்கத்தை வாங்கியிருக்கலாம்.

#7 செந்தூல் அக்கா

அண்ணன் சொல்வது வலிக்கிறது, ஆனால் பாதி சரி. தானி கெஞ்சி வாங்கிய இடம் இல்லை அது. பேர் கெட்டதும் அவருக்குத்தான். அதுவரை செல்லமாகக் கூப்பிட்டவர்களே 2008-இல் “வழி விடு” என்று எழுத ஆரம்பித்தார்கள். 2010 ஜூலையில் மேலவை உறுப்பினராக ஜெயித்தபோது, எம்.பி.யாக இருந்துகொண்டே 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கும் முயல்வேன் என்றார். அதுவும் பலருக்குப் பிடிக்கவில்லை. அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். மக்களிடம் இருந்த ‘யவாரா-சான்’ பிம்பம் அரசியலுக்கு வந்த பிறகு பழையபடி திரும்பவில்லை.

பலகையில் போடலாமா என்று தம்பி கேட்டது: போடுங்கள். ஃபுகுமியின் பெயரையும் போடுங்கள். வகுப்பில் இருபது பிள்ளை இருந்தால் பத்தொன்பது பேர் ஃபுகுமியின் இடத்தில்தான் இருப்பார்கள்.

#8 தத்தாமி

நான் நுணுக்கம் மட்டும் சொல்றேன். பலகையில் ஒரு படம் போட இடம் இருந்தா இப்போன் செயோய்-நாகே (எதிராளியின் கையைக் கவ்வி முதுகு வழியா வீசறது) போடுங்க. தானியின் பேர் சொல்லும் வீச்சு அதுதான். சிட்னி இறுதியில ரஷ்யாவின் லியுபோவ் புருலேத்தோவாவை ஒரு நிமிடம் ஆகறதுக்குள்ள விழ வெச்சது மட்டும் உச்சி-மாத்தா, தொடைக்கு உள்ள காலை வீசித் தூக்கறது.

வலது கைக்காரருக்கு முறை இப்படி. இடது கை எதிராளியின் வலது சட்டைக்கையை முழங்கைக்குக் கீழே பிடிக்கணும். அந்தக் கையைக் கண் உயரத்துக்கு, கைக்கடிகாரத்துல மணி பார்க்கிற மாதிரி, மேலேயும் வெளியேயும் இழுக்கணும். எதிராளியின் குதிகால் லேசாத் தரையை விட்டு எழும். அந்தக் கணத்துல வலது பாதம் அவர் வலது பாதத்துக்கு முன்னால, உள்பக்கமா. முன்பாதத்துல சுழன்று, இடது பாதம் பின்னால போய் அவர் இடது பாதத்துக்கு முன் நிக்கும். உங்க இரண்டு பாதமும் அவர் பாதங்களுக்கு உள்ளேயே இருக்கணும். சுழலும்போதே வலது கை அவர் அக்குளுக்குக் கீழே புகுந்து, மேல்கையால கவ்வும். முழங்கால் மடங்கி, உங்க இடுப்பு அவர் பெல்ட்டுக்குக் கீழே. முதுகும் அவர் மார்பும் ஒட்டணும். நடுவுல காத்துப் போச்சுன்னா வீச்சு போச்சு. பிறகு முழங்காலை நிமிர்த்தி, தலையை இடது பக்கம் திருப்பி, இழுப்பை விடாம மடங்கணும்.

எங்கே கெடும்? முக்கால்வாசி இழுப்புலதான். பிள்ளைங்க கையைக் கீழ்நோக்கி இழுப்பாங்க, எதிராளி இன்னும் உறுதியா ஊன்றுவார், பின்னால இருந்து இடுப்பைக் கட்டித் தூக்கிப் போட்டுடுவார். அடுத்தது காலை மடக்காம இடுப்பை மட்டும் வளைக்கறது. பாரம் முழுக்கக் கீழ்முதுகுல இறங்கும். வலது பாதம் ரொம்ப வெளியே போனா எதிராளி அந்தப் பக்கமாவே சுத்தி வெளியே வந்துடுவார்.

146 சென்டிமீட்டர் இதுக்கு உதவுச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க. இடுப்பு ஏற்கெனவே கீழே இருக்கு, நிறைய மடங்க வேண்டாம், உண்மைதான். ஆனா 48 கிலோவுல எதிரே நிக்கறவங்களும் நெட்டையில்லை. அவரோட பலம் வேகம். பிடி கிடைச்ச உடனே உள்ளே புகுவார், எதிராளி இரண்டாவது கையை வெக்கறதுக்கு முன்னாடியே சுழற்சி ஆரம்பிச்சிருக்கும். பழைய ஆட்டங்களை மெதுவா ஓடவிட்டு, கையைப் பார்க்காம அவர் காலை மட்டும் பாருங்க.

#9 பிறைவாசி

தத்தாமி அண்ணே, சில காணொளிகளில் இரண்டு முழங்காலையும் தரையில் போட்டு வீசுகிறார்களே? பிள்ளைகள் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள்.

#10 தத்தாமி

விடாதீங்க. போடறவரோட முழங்கால் தத்தாமியில, அதாவது ஜூடோ விரிப்புல, மோதும். விழறவர் தலை நேராக் கீழே இறங்கும், அடிபடாம விழற உகேமிக்கு நேரமே இருக்காது. ஜப்பானிலேயே சிறுவர் போட்டி விதியில இரண்டு முழங்கால் செயோய்-நாகே தடை. முதல்ல நின்னு செய்யட்டும். பெரியவங்களுக்கே ‘ரிவர்ஸ்’ செயோய்-நாகேவை 2022-லேர்ந்து தடை பண்ணிட்டாங்க.

#11 மேசை அதிகாரி

48 கிலோ என்ற எண்ணைப் பெரிதாகப் போடும்போது கவனம். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பட்டினி கிடக்கத் தொடங்குவார்கள். இப்போது சர்வதேசப் போட்டிகளில் முதல் நாள் மாலை எடை பார்க்கிறார்கள். மறுநாள் காலை சீட்டுக் குலுக்கிச் சிலருக்கு மறுபடி எடை பார்ப்பார்கள், ஜூடோகி (ஜூடோ உடை) இல்லாமல் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருக்கக்கூடாது. 48 கிலோவுக்கு அது 50.4. இந்த இரண்டாவது எடையே, தண்ணீரை வற்ற வைத்து எடை குறைத்து இரவில் ஏற்றிக்கொள்வதைத் தடுக்கத்தான். உள்ளூர்ப் போட்டியில் பெரும்பாலும் அன்று காலையே எடை. அழைப்புக் கடிதத்தில் நேரமும் எடைச் சலுகையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜப்பான் 2022-இல் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளின் தேசியத் தனிநபர்ப் போட்டியையே நிறுத்தியது. பெற்றோரும் பயிற்சியாளரும் வெற்றிக்காக எடை குறைக்க வைத்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஜூடோகியிலும் இங்கே நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கையை முன்னால் நேராக நீட்டினால் சட்டைக்கை மணிக்கட்டு எலும்பைத் தொட வேண்டும். சட்டை பிட்டத்தை முழுதும் மூட வேண்டும். இடப்பக்கம் மேலே வர வேண்டும். முடிச்சுப் போட்டபின் பெல்ட்டின் நுனி 20 முதல் 30 சென்டிமீட்டர். துவைத்தால் பருத்தி சுருங்கும், புதிதாக வாங்கும்போது ஒரு துவைப்புக்குப் பிறகு அளந்து பாருங்கள்.

#12 ஆயர் ஈத்தாம்

அக்கா சொன்ன ‘புரிந்த விளையாட்டு’க்கு நம் பினாங்கிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. நிக்கோல் டேவிட். எட்டு உலகப் பட்டம், 2006 ஆகஸ்டு முதல் 2015 வரை ஒன்பது வருடம் உலக முதலிடம். ஸ்குவாஷ் அவர் ஆடிய காலம் முழுக்க ஒலிம்பிக்கில் இல்லை, 2028-இல்தான் வருகிறது. அவர் 2019-இல் ஓய்வு பெற்றுவிட்டார். ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லாமல் ஊர் முழுக்கப் பேர். புக்கிட் டம்பாரில் ஸ்குவாஷ் மையமே அவர் பெயரில் நிற்கிறது. பட்டர்வொர்த் பிள்ளைகள் பாலம் தாண்டினால் பார்க்கலாம். தானிக்கு ஒரு சித்திரக்கதை இருந்தது. நிக்கோலுக்கு வருடா வருடம் விடாமல் வந்த முதலிடமே தொடர்கதை.

பணத்தில் நம் நாட்டு நிலவரமும் தெரிந்துகொள்ளட்டும். ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 லட்சம் ரிங்கிட், வெள்ளிக்கு 3 லட்சம், வெண்கலத்துக்கு 1 லட்சம். அதற்கு மேல் மாதந்தோறும் 5,000, 3,000, 2,000. ஜூடோவில் இதுவரை யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை. நம் பிள்ளைகள் கராத்தேயில் குவிந்திருக்கிறார்கள், ஜூடோ பக்கம் கொஞ்சம் பேர்தான். 2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் ஜூடோ இருந்தது என்பதே பலருக்கு நினைவில்லை.

#13 செந்தூல் அக்கா

நிக்கோல் பெயரைச் சேர்த்தது ரொம்ப நல்லது. அதே 48 கிலோவில் இந்தியாவின் சுஷீலா தேவி லிக்மபமும் இருக்கிறார். மணிப்பூர்ப் பெண், 2014, 2022 என்று இரண்டு காமன்வெல்த் வெள்ளி, தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய ஜூடோவுக்கு ஒரே ஆள்.

தானிக்குப் பிறகு ஜப்பானுக்கு 48 கிலோ ஒலிம்பிக் தங்கம் கிடைக்க இருபது வருடம் ஆனது. 2024 பாரிசில் நத்சுமி சுனோதா, 31 வயதில் வாங்கினார். அவருடையது தோமோயே-நாகே. தான் மல்லாந்து விழுந்து, வயிற்றில் பாதத்தை வைத்து எதிராளியைத் தலைக்கு மேல் அனுப்புவார், அப்படியே கைப்பூட்டுக்குப் போய்விடுவார். தானியின் வீச்சுக்கு நேர் எதிர்த்திசை. பிள்ளைகளுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

#14 பிறைவாசி

எல்லாருக்கும் நன்றி. திருத்தி எழுதிவிட்டேன், ஃபுகுமிக்குத் தனிப் பத்தி இருக்கிறது. பெய்ஜிங் பத்தியில் ஷிடோ விளக்கமும் சேர்த்தாயிற்று. கடைசியாக ஒன்று. பெயரைத் ‘தானி’ என்று எழுதுவதா, ‘தனி’ என்று எழுதுவதா?

#15 நீலப்பட்டை

ஜப்பானிய உச்சரிப்பில் அது குறில், ‘தனி’தான். பள்ளத்தாக்கு என்று பொருள். ஆனால் சுவரில் ‘தனி ரியோகோ’ என்று இருந்தால், கூட ஆள் இல்லாத ரியோகோ என்று பிள்ளைகள் படிப்பார்கள். ‘தானி’ என்றே விடுங்கள். 2003 வரை உள்ள வரிகளில் மட்டும் ‘தமுரா’ என்று போடுங்கள். சிட்னி தங்கம் வாங்கியது ரியோகோ தமுரா.